சுவர் போதாது, மூடியும் வேண்டும்

2021-இல் 'செல்' ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரையை இன்றும் புதிதாக வரும் மாணவர்களுக்குப் படிக்கக் கொடுக்கிறேன். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், ஜாக்சன் நகரப் பல்கலைக்கழக மருத்துவமனையில் 58 பேரின் மூக்கின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து எடுத்த செல்களைப் பற்றியது அது. கொரோனா தொற்றியவர்களும் அவர்களில் இருந்தார்கள், தொற்றாதவர்களும் இருந்தார்கள். ஒவ்வொரு செல்லிலும் எந்தெந்த மரபணுக்கள் வேலை செய்துகொண்டிருந்தன என்று தனித்தனியாகப் பட்டியல் எடுத்தார்கள். சில செல்களின் பட்டியலில் வைரஸின் ஆர்.என்.ஏ.வும் இருந்தது.

வைரஸ் அந்தச் செல்லுக்குள் நுழைந்து பெருகிக்கொண்டிருந்ததா? அல்லது வேறெங்கோ ஒரு செல் செத்து உடைந்து, அதிலிருந்து சிந்திய வைரஸ் ஆர்.என்.ஏ. திரவத்தில் மிதந்து வந்து இந்தச் செல்லின் கணக்கில் ஏறிவிட்டதா? முதலாவது உண்மையென்றால் அது நோயைப் பற்றிய கண்டுபிடிப்பு. இரண்டாவது உண்மையென்றால் அது கருவியின் கசிவு. பட்டியலைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அந்த ஆய்வாளர்கள் மிதந்து திரியும் வைரஸ் ஆர்.என்.ஏ. எவ்வளவு என்று கணக்கிட்டு, அதைத் தாண்டி இருந்த செல்களை மட்டுமே தொற்றிய செல்களாக எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கவனத்துக்காகத்தான் அந்தக் கட்டுரையை மாணவர்கள் கையில் கொடுக்கிறேன்.

ஒற்றைச் செல் ஆய்வு என்ற பெயரிலேயே ஒரு வாக்குறுதி இருக்கிறது: இந்தப் பட்டியல் ஒரே ஒரு செல்லுடையது. அந்த வாக்குறுதியைக் காப்பாற்றுவது கண்ணுக்குத் தெரியாத அளவுள்ள சின்னஞ்சிறு குழிகள். ஒரு குழியில் இருப்பது அடுத்த குழிக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் என் அன்றாட வேலையின் பெரும்பகுதி. இதைப் பற்றித் தமிழில் விரிவாக எழுதவேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

முதலில் கருவி. பேச்சில் சில்லு, சிப், அரே என்று என்னென்னவோ சொல்வோம். மைக்ராஸ்கோப்புக்கு வைக்கும் சாதாரணக் கண்ணாடிச் சிலைடின் அளவுதான். அதன் மேல் பி.டி.எம்.எஸ். என்ற ஒளிபுகும் சிலிகோன் ரப்பர் ஒரு படலமாக வார்க்கப்பட்டிருக்கும். அந்தப் படலத்தில் சதுரம் சதுரமாகக் குழிகள். மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் கிறிஸ்டோஃபர் லவ், அலெக்ஸ் ஷேலெக் இருவரின் ஆய்வுக்குழுக்களும் சேர்ந்து 2017-இல் வெளியிட்ட 'சீக்-வெல்' முறையில் ஒரு சிலைடுக்கு ஏறத்தாழ 86,000 குழிகள். ஒவ்வொன்றும் பக்கத்துக்கு 50 மைக்ரான் அளவில் இருக்கும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு). கொள்ளளவு நூறு பிகோலிட்டரை ஒட்டி வரும். பிகோலிட்டர் என்பது லிட்டரின் லட்சம் கோடியில் ஒரு பங்கு.

ஒவ்வொரு குழிக்குள்ளும் ஒரு மணி இறங்கும். 35 மைக்ரான் விட்டமுள்ள பிசின் உருண்டை. குழியின் அளவும் மணியின் அளவும் ஒரு குழிக்குள் இரண்டாவது மணி இறங்க இடமில்லாதபடி பொருத்தி வைக்கப்பட்டவை. மணியின் மேல் கோடிக்கணக்கான டி.என்.ஏ. இழைகள் முளைத்திருக்கும். ஒரு மணியில் உள்ள இழைகள் எல்லாவற்றிலும் ஒரே 12 எழுத்துப் பார்கோடு. வேறு மணிக்கு வேறு பார்கோடு. நான்கு எழுத்துகளைக் கொண்டு 12 இடங்களை நிரப்பினால் 1,67,77,216 விதங்கள் கிடைக்கும். ஆகவே இரண்டு மணிகளுக்கு ஒரே பார்கோடு அமைவது அரிது. இந்த மணிகள் 2015-இல் ஹார்வர்டில் ஸ்டீவன் மெக்கரோலின் குழுவிலிருந்து வந்த 'டிராப்-சீக்' முறைக்காக உருவானவை. சீக்-வெல் அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டது.

பிறகு செல்களை ஊற்றுகிறோம். அவை தம் எடையாலேயே மெல்ல இறங்கிக் குழிகளில் விழும். குழிக்குள் ஒரு செல்லும் ஒரு மணியும் இருக்கும்போது செல்லை உடைத்தால், அதிலிருந்து கொட்டும், வேலை செய்யும் மரபணுக்களின் நகல்களான எம்.ஆர்.என்.ஏ. மூலக்கூறுகள் மணியின் இழைகளில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கணத்தோடு அவற்றின் முகவரி எழுதப்பட்டுவிடுகிறது. அதன்பின் எல்லா மணிகளையும் ஒரே குழாயில் கொட்டிக் கலக்கிவிடலாம். டி.என்.ஏ. எழுத்துகளைப் படிக்கும் கருவியான சீக்வென்சர் பார்கோடைப் படித்து, இது இந்தச் செல், அது அந்தச் செல் என்று பிரித்துக் கொடுத்துவிடும்.

உடைந்த செல்லின் ஆர்.என்.ஏ. தன் குழியை விட்டுப் பக்கத்துக் குழி மணிக்குப் போய் ஒட்டினால், அந்த மணியின் பெயர்தான் அதற்கு. சீக்வென்சருக்கு அதில் ஐயம் எழ வழியே இல்லை. கணினியில் எத்தனை திறமையாக நிரல் எழுதினாலும், அந்த ஒரு மூலக்கூறைக் கையில் எடுத்து "நீ எங்கிருந்து வந்தாய்" என்று கேட்க முடியாது.

குழிகளுக்கு இடையில் சுவர் இருக்கிறதே, பிறகு எப்படிப் போகும் என்று எல்லோரும் கேட்பார்கள். வயலுக்கு வயல் வரப்பு இருக்கிறது. வெள்ளம் வரப்புக்கு மேல் நின்றால் அத்தனை வயலும் ஒரே வயல்தான். குழிகளின் மேலேயும் திரவம் நிற்கிறது. செல்களை ஊற்றியதும் அந்தத் திரவத்தில்தான், கழுவியதும் அதில்தான், செல்லை உடைக்கும் கரைசலான பஃபரை ஊற்றியதும் அதில்தான். சுவர் எத்தனை உயரமாக இருந்தாலும் மேற்புறம் திறந்திருக்கிறது.

அளவுகளைப் பார்த்தால் சிக்கலின் கனம் புரியும். 10 மைக்ரான் விட்டமுள்ள ஒரு செல்லின் கொள்ளளவு அரை பிகோலிட்டர். அது குழிக்குள் உடைந்தவுடனேயே அதன் சரக்கு இருநூறு மடங்குக்கு மேல் நீர்த்துப்போகிறது. ஒரு செல்லில் இருக்கும் மொத்த ஆர்.என்.ஏ.வே ஏறத்தாழ 10 பிகோகிராம், அதில் எம்.ஆர்.என்.ஏ. சில சதவீதம் மட்டுமே. மூலக்கூறுகளாக எண்ணினால் சில லட்சம். அவற்றில் மணி பிடிப்பது ஒரு பங்குதான். இந்த நிலையில் சிறு இழப்பும் இழப்புதான், சிறு கலப்பும் கலப்புதான்.

நேரத்தையும் பாருங்கள். நீரில் சிறிய சாய மூலக்கூறு ஒன்று வெறும் பரவலாலேயே 50 மைக்ரானைச் சில நொடிகளில் கடந்துவிடும். நீண்ட எம்.ஆர்.என்.ஏ. இழை பல மடங்கு மெதுவாகத்தான் நகரும், அதற்கு நிமிடக் கணக்காகும். மெதுவாக நகர்கிறது என்றால் நமக்கு நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அது மணியைச் சென்றடையவும் ஏறத்தாழ அதே தூரத்தைத்தான் கடக்க வேண்டும். குழிக்குள்ளேயே மணியில் ஒட்டிக்கொள்ள ஆகும் நேரமும், குழியின் வாய்வழியே வெளியேற ஆகும் நேரமும் ஒரே அளவில் இருக்கின்றன. இந்தத் துறையில் கடந்த பத்தாண்டுகளில் வந்த பல வடிவமைப்புகள் இந்த ஓட்டப்பந்தயத்தில் மணி ஜெயிக்கச் செய்யும் முயற்சிகள் என்றே நான் பார்க்கிறேன்.

வெளியேறிய ஆர்.என்.ஏ. போகும் இடம் இரண்டு. ஒன்று, பக்கத்துக் குழி. இன்னொன்று, மேலே நிற்கும் பொதுத் திரவம். சிலைடின் மேல் 100 மைக்ரோலிட்டர் திரவம் இருந்தால் அது ஒரு குழியைப்போல் எட்டு லட்சம் மடங்கு. ஒரு செல் சிந்துவது அதில் காணாமல்போகும். ஆனால் ஆயிரக்கணக்கான செல்கள் சிந்தும்போது அந்தத் திரவமே எல்லாச் செல்களின் கலவையாகிறது. அதைத் துறையில் 'சூப்' என்றே சொல்கிறோம். சூப் எல்லா மணிகளிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டும். பக்கத்துக் குழியின் கசிவோ ஒரே ஒரு மணியில் கொத்தாகப் போய் ஒட்டும். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளும் கட்டுரைகள் நிறைய இருக்கின்றன. இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் தீர்வைப் பற்றிப் பேச முடியாது என்பது என் உறுதியான கருத்து.

தீர்வுகளைக் கால வரிசையில் சொல்வதைவிட, அவை எடுத்த நிலைப்பாட்டைக்கொண்டு சொல்கிறேன்.

திறந்தே வைப்போம், வேகத்தை நம்புவோம் என்றது ஒரு நிலைப்பாடு. ஸ்டீஃபன் ஃபோடரின் குழு 2015-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட 'சைட்டோசீக்' முறை இப்படிப்பட்டது. குழி மிகச் சிறியதாக இருந்தால், செல் உடைந்த கணத்தில் அங்கே ஆர்.என்.ஏ.வின் அடர்த்தி மிக அதிகம். மணியும் அதே குழியில் ஒட்டினாற்போல் கிடக்கிறது. ஆகவே வெளியே போவதற்குள் பெரும்பகுதி மணியில் சிக்கிவிடும் என்ற கணக்கு. இது பின்னர் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குழிகள் கொண்ட 'ராப்சடி' என்ற வணிகக் கருவியாக வந்தது. இன்றும் பல ஆய்வகங்களில் ஓடுகிறது. கணக்கு தவறல்ல. ஆனால் அது செல்லின் தன்மையைப் பொறுத்தது. எளிதில் உடையும் செல்லும் தாமதமாக உடையும் செல்லும் ஒரே சிலைடில் இருக்கும்போது, பஃபர் ஊற்றிய நேரத்தை மட்டும் நம்பிப் பந்தயம் கட்டுவதில் எனக்குத் தயக்கம் உண்டு.

எண்ணெயால் மூடுவோம் என்றது இரண்டாவது. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பீட்டர் சிம்ஸ் குழு இந்த வழியில் போனது. உடைக்கும் பஃபரை வாய்க்கால் வழியே பாய்ச்சி, செல் முழுதாக உடைவதற்குள் பின்னாலேயே எண்ணெயைப் பாய்ச்சுவது. எண்ணெய் மேலே நின்ற திரவத்தைத் துடைத்துத் தள்ளிக்கொண்டு போகும். குழிக்குள் இருப்பது மட்டும் தனித்தனியாக நிற்கும். ஆர்.என்.ஏ. எண்ணெயைக் கடக்காது. நேர்த்தியான ஏற்பாடு. ஒரே ஒரு நெருக்கடிதான்: பஃபருக்கும் எண்ணெய்க்கும் இடைப்பட்ட அந்தச் சிறு இடைவெளியில் எந்தச் செல்லும் முந்திக்கொண்டு உடையக் கூடாது. (எண்ணெயைப் பற்றி இன்னொன்று. ரெசோரூஃபின் போன்ற சிறு சாய மூலக்கூறுகள் எண்ணெயில் கலந்திருக்கும் சோப்புப் பொருளைப் பற்றிக்கொண்டு எண்ணெயில் மிதக்கும் ஒரு நீர்த்துளியிலிருந்து இன்னொரு துளிக்குத் தாவிவிடும். ஆர்.என்.ஏ.வுக்குக் காவலான எண்ணெய், நொதி வினைகளைச் சாயத்தால் அளப்பவர்களுக்குக் காவல் ஆகாது.)

மூன்றாவதுதான் சீக்-வெல் கொண்டுவந்தது. முதலில் மூடு, பிறகு உடை. இதைக் கேட்டவுடன் புது மாணவி ஒருத்தி கேட்டாள்: "அக்கா, மூடிவிட்டால் உடைக்கிற பஃபர் எப்படி உள்ளே போகும்?" அந்தக் கேள்விக்கான விடைதான் அந்தக் கண்டுபிடிப்பின் மையம். மூடி என்பது பாலிகார்பனேட் சவ்வு. அதில் 10 நானோமீட்டர் அகலமுள்ள துளைகள். உப்பும், செல்லை உடைக்கும் குவானிடினியம் தயோசயனேட்டும் அந்தத் துளைகளில் நுழைந்துவிடும். சுருண்டு திரண்டு கிடக்கும் எம்.ஆர்.என்.ஏ. இழை நுழையாது. ஆகவே மூடிய குழிக்குள் செல்லை உடைக்கலாம், மூடியபடியே உடைக்கும் திரவத்தை மாற்றி, ஆர்.என்.ஏ. மணியில் ஒட்டுவதற்கான உப்பு மிகுந்த திரவத்தை உள்ளே அனுப்பலாம். ஓட்டப்பந்தயமே இல்லாமல் போகிறது. ஆர்.என்.ஏ. அவசரமில்லாமல் மணியைத் தேடிப் போகலாம்.

இதே லவ் 2006-இல் இன்னொரு பணியில் இதுபோன்ற குழிகளைப் பயன்படுத்தியிருந்தார். எதிர்ப்புரதம் சுரக்கும் செல்களைக் குழிகளில் விட்டு, மேலே கண்ணாடிச் சிலைடை அழுத்தி மூடி, ஒவ்வொரு குழியின் சுரப்பையும் அந்தக் கண்ணாடியில் அச்சாகப் பதித்து எடுப்பது. மூடியின் அருமை அந்த ஆய்வகத்துக்கு வெகு காலம் முன்பே தெரிந்திருக்கிறது. பத்தாண்டு கழித்து அந்த மூடிக்குத் துளை போட்டார்கள்.

சவ்வு ரப்பரோடு ஒட்டவும் வேண்டும். அதற்காக ஒரே சில்லில் இரண்டு வேதிப்பூச்சுகள். குழிகளின் உட்சுவரில் பாலிகுளூட்டமேட். அது எதிர்மின்னேற்றம் உள்ளது. ஆர்.என்.ஏ.வும் எதிர்மின்னேற்றம் உள்ளதால் சுவரில் ஒட்டாமல் மணிக்குப் போகும், குழிக்குள் நீரும் நன்றாக இறங்கும். குழிகளுக்கு இடையிலுள்ள மேற்பரப்பில் கைட்டோசான். இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் அதே பொருள்தான். சவ்வை இறுகப் பற்றிக்கொள்வது இதன் வேலை. மைக்ரான் கணக்கில் தள்ளியிருக்கும் இரண்டு பரப்புகளுக்கு இரண்டு குணங்களைக் கொடுத்ததை நான் மிகவும் மதிக்கிறேன். பி.டி.எம்.எஸ். தானாக விட்டால் நீரை வெறுக்கும் பொருள். பிளாஸ்மா என்ற மின்னேற்றிய வாயுவைக் கொடுத்து நீர் ஒட்டும்படி செய்தாலும், காற்றில் வைத்திருந்தால் சில மணி நேரங்களில் பழைய குணத்துக்குத் திரும்பத் தொடங்கிவிடும். மேற்பரப்பைப் பொருட்படுத்தாமல் வடிவத்தை மட்டும் வரைந்து கொடுத்த சில்லுகளில் பாதிக் குழிகள் காற்றுக்குமிழியோடு நிற்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

கட்டுரைகளில் இரண்டு வரியில் போகும் 'சவ்வு பொருத்தப்பட்டது' என்ற வாக்கியத்துக்குப் பின்னால் கைவேலை இருக்கிறது. சவ்வையும் பிளாஸ்மாவில் காட்டியிருக்க வேண்டும். இடுக்கியால் ஓரத்தைப் பிடித்துச் சில்லின் ஒரு முனையில் ஈரத்தோடு ஒட்டி, இன்னொரு கண்ணாடிச் சிலைடால் அழுத்தம் அதிகமில்லாமல் ஒரே இழுப்பில் மறுமுனை வரை படிய வைக்க வேண்டும். நடுவில் நின்றால் சுருக்கம் விழும். சுருக்கம் விழுந்த இடத்தில் ஒரு வாய்க்கால் உருவாகிவிடும். அந்த வரிசைக் குழிகள் அனைத்தும் ஒன்றோடொன்று பேசும். அழுத்தம் கூடினால் குழிக்குள்ளிருக்கும் செல்கள் வெளியே தெறிக்கும். பிறகு சில்லைத் தகடுகளுக்கு நடுவில் இறுக்கி 37 டிகிரியில் அரைமணி நேரத்துக்கு மேல் வைத்தால்தான் சவ்வு பிடிக்கும்.

மூடுவதற்கு முன்னால் செய்யும் கழுவல் இன்னும் முக்கியம். குழிகளில் விழாமல் அவற்றுக்கு இடையிலுள்ள மேடையிலேயே தங்கிவிட்ட செல்கள் இருக்கும். அவற்றின் மேல் சவ்வு படிந்தால் இரண்டு கேடு: சவ்வு அங்கே தூக்கிக்கொண்டு நிற்கும், அந்தச் செல் உடைந்து சுற்றிலும் உள்ள குழிகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கும். செல்களை வளர்த்த ஊடகத்தில் சீரம் இருந்திருந்தால் அதன் புரதங்கள் மேற்பரப்பில் பூசிக்கொண்டு சவ்வைப் பற்றவிடாது. ஆகவே சீரம் இல்லாத திரவத்தால் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். நேரமாகிறது என்று இந்த இடத்தில் ஒரு கழுவலைக் குறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடே கிடையாது. மூடியபின் செய்யக்கூடியது மிகக் குறைவு. மூடுவதற்கு முன் செய்வதில்தான் பரிசோதனையின் தரம் முடிவாகிறது.

குழிக்குள் பாதுகாப்பாக இருந்தது என்றாலே வேலை முடிந்துவிடவில்லை. சவ்வை உரித்து எடுக்கும் நேரம் ஒன்று வருகிறது. அந்த நேரத்தில் ஆர்.என்.ஏ. மணியில் ஒட்டியிருப்பது ஹைட்ரஜன் பிணைப்புகளால் மட்டுமே. ஆர்.என்.ஏ.வின் வாலில் உள்ள ஏ எழுத்துகளும் மணி இழையின் டி எழுத்துகளும் கைகோத்து நிற்கின்றன, அவ்வளவுதான். உப்பு குறைந்தாலோ சூடு ஏறினாலோ அந்தக் கை விட்டுப்போகும். இப்போது சுவரும் இல்லை, மூடியும் இல்லை. ஆயிரக்கணக்கான மணிகள் ஒரே குழாயில். விட்டுப்போன ஆர்.என்.ஏ. எந்த மணியில் வேண்டுமானாலும் போய் ஒட்டும். ஆகவே மணிகளை எடுக்கும் திரவங்கள் எல்லாம் உப்பு மிகுந்தவையாக இருக்க வேண்டும். சென்ட்ரிஃபியூஜில் சில்லைக் கவிழ்த்துச் சுற்றி மணிகளை இறக்கியதும், தாமதிக்காமல் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்ஷனுக்குப் போக வேண்டும். அந்த நொதி, ஆர்.என்.ஏ.வைப் பார்த்து டி.என்.ஏ. நகலை மணியின் இழையோடே தொடர்ச்சியாக எழுதிவிடும். அதன்பின் நகல் மணியை விட்டுப் பிரியாது. சவ்வு உரித்ததிலிருந்து நொதி வேலையைத் தொடங்கும்வரை உள்ள இடைவெளியை ஆபத்தான நேரம் என்றே எங்கள் குழுவில் குறித்து வைத்திருக்கிறோம். அந்த நேரத்தில் யாரும் யாரையும் பேச்சுக்கு இழுப்பதில்லை.

பிறகும் ஒரு வழி உண்டு. எந்த ஆர்.என்.ஏ.வையும் பிடிக்காத இழைகள் மணியில் ஏராளமாக மிஞ்சியிருக்கும். அவை பி.சி.ஆர். பெருக்கத்தின்போது தவறான நகல்களில் போய் ஒட்டி, ஒரு செல்லின் மரபணுவுக்கு வேறு செல்லின் பார்கோடைச் சூட்டிவிடும். அதனால்தான் அதற்கு முன்பே எக்ஸோநியூக்ளியேஸ் நொதிக்கு அந்த மிச்ச இழைகளைத் தின்னக் கொடுக்கிறோம். குழி என்ற ஒன்றே இல்லாமல்போன பிறகும் குழிகளுக்கிடையிலான கலப்பு நடக்கலாம் என்பதைச் சில்லு வடிவமைக்கும் பொறியாளர்களுக்குப் புரியவைப்பது எளிதாக இருப்பதில்லை.

இத்தனையும் செய்தோம் என்றால், சரியாகச் செய்தோமா என்று எப்படித் தெரியும்? இந்தத் துறையின் ஒழுக்கம் என்று நான் கருதும் ஒரு பரிசோதனை உண்டு. மனிதச் செல்களையும் எலிச் செல்களையும் சரிபாதியாகக் கலந்து ஒரே சில்லில் போடுவது. பெரும்பாலும் மனிதரின் ஹெக்293, எலியின் 3டி3 செல் வரிசைகள். இரண்டு உயிரினங்களின் மரபணு எழுத்துகளும் பிரித்தறியக் கூடியவை. ஆகவே ஒவ்வொரு பார்கோடிலும் மனித ஆர்.என்.ஏ. எத்தனை, எலி ஆர்.என்.ஏ. எத்தனை என்று எண்ணிவிடலாம். வரைபடத்தில் ஒரு அச்சு மனிதன், மறு அச்சு எலி. புள்ளிகள் அச்சுகளை ஒட்டியே கிடந்தால் நல்லது.

இந்த வரைபடத்தைப் படிப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நடுவில் மூலைவிட்டத்தை ஒட்டி மிதக்கும் புள்ளிகள் கசிவு அல்ல. அவை ஒரே குழியில் இரண்டு செல்கள் விழுந்ததால் வந்தவை. 86,000 குழிகளுக்கு 8,600 செல்களை ஊற்றினால் குழிக்குச் சராசரி 0.1. தற்செயலாக விழுபவை எப்படிப் பரவும் என்று சொல்லும் பாய்சான் கணக்குப்படி, செல் உள்ள குழிகளில் நூற்றுக்கு ஐந்து குழிகளில் ஒரு செல்லுக்கு மேல் இருக்கும். அப்படியானவற்றில் பாதிதான் மனிதனும் எலியும் சேர்ந்தவை. மனிதன்-மனிதன், எலி-எலி ஜோடிகள் வரைபடத்தில் யோக்கியமான புள்ளிகளாகவே நிற்கும். ஆகவே கண்ணுக்குத் தெரியும் கலப்பு ஜோடிகளை இரண்டால் பெருக்கித்தான் உண்மையான அளவைச் சொல்ல வேண்டும்.

கசிவு வேறு விதமாகத் தெரியும். சுத்தமான மனிதச் செல் என்று நினைக்கும் புள்ளி அச்சின் மேல் உட்காராமல் சற்றே தூக்கி நிற்கும். அதில் ஒரு சதவீதமோ இரண்டு சதவீதமோ எலி ஆர்.என்.ஏ. எல்லாப் புள்ளிகளும் ஒரே அளவு தூக்கி நின்றால் சூப். சில புள்ளிகள் மட்டும் விலகி நின்றால் மூடி எங்கோ பிடிக்கவில்லை. கட்டுரைகள் பெரும்பாலும் நடுப்புள்ளிகளின் சதவீதத்தை மட்டும் பெருமையாகச் சொல்கின்றன. அச்சிலிருந்து எத்தனை உயரத்தில் புள்ளிகள் நிற்கின்றன என்ற எண்தான் எனக்கு வேண்டியது.

இன்னொன்றும் உண்டு, இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். அந்த இரண்டு செல் வரிசைகளும் ஆய்வகத்தில் செழிப்பாக வளர்பவை, பருத்தவை, உறுதியானவை. அவற்றை வைத்துத் தேர்ச்சி பெற்ற சில்லு, நோயாளியின் உடல்திசுவிலும் தேர்ச்சி பெறும் என்று சொல்ல முடியாது. திசுவை நொதிகளால் கரைத்துச் செல்களைப் பிரிக்கும்போதே எத்தனையோ செல்கள் செத்துப்போகின்றன. சிவப்பணுக்கள் உடைந்து ஹீமோகுளோபின் ஆர்.என்.ஏ. சிந்துகிறது. கணையத் திசுவென்றால் இன்சுலின் ஆர்.என்.ஏ. எங்கும் மிதக்கிறது. செல் கரைசல் சில்லுக்கு வரும்போதே சூப்போடு வருகிறது. எவ்வளவு இறுக்கமான மூடியாக இருந்தாலும், குழிக்குள் ஏற்கெனவே இறங்கிவிட்ட சூப்பைச் செல்லோடு சேர்த்தே அடைத்து வைக்கும். அதைத் தடுக்க வழி செல் கரைசலைச் சில்லுக்கு வெளியே சுத்தம் செய்வதுதான். ஆகவே ஆய்வு செய்யப்போகும் திசுவிலேயே, அல்லது அதற்கு நெருக்கமான ஒன்றில், வேற்றின செல்களைச் சிறிதளவு கலந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். செலவு கூடுகிறது என்பார்கள். கூடட்டும்.

கணினியால் கழித்துவிடலாமே என்ற பதிலும் வரும். நல்ல மென்பொருள்கள் இருக்கின்றன. 2020-இல் வந்த சூப்எக்ஸ், அதே ஆண்டு வந்த டிகான்ட்எக்ஸ், 2023-இல் 'நேச்சர் மெத்தட்ஸ்' இதழில் வெளியான செல்பெண்டர். நானும் பயன்படுத்துகிறேன். சூப்எக்ஸும் செல்பெண்டரும் செல் விழாத வெற்று மணிகளில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்த்து அதுதான் சூப்பின் சுவை என்று முடிவுசெய்து, அந்த விகிதத்தில் எல்லாச் செல்களிலிருந்தும் கழிக்கின்றன. டிகான்ட்எக்ஸ் மற்றச் செல்கூட்டங்களின் கலவையாகவே கலப்பை மதிப்பிடுகிறது. சூப் எல்லாருக்கும் பொது என்ற அனுமானம் பொருந்தும் இடத்தில் இவை நன்றாக வேலை செய்கின்றன. பக்கத்துக் குழியின் கசிவுக்கு அந்த அனுமானம் பொருந்தாது. டி செல், பி செல் இரண்டும் வெவ்வேறு வகை எதிர்ப்புச் செல்கள்; ஒரு டி செல்லின் மணியில் பக்கத்துக் குழி பி செல்லின் ஆர்.என்.ஏ. கொத்தாக வந்து ஒட்டியிருந்தால், அது சூப்பின் சராசரியை ஒத்திருக்காது. மென்பொருள் அதை உண்மை என்றே விட்டுவிடும். டி செல்லின் அடையாளமும் பி செல்லின் அடையாளமும் ஒருங்கே கொண்ட ஒரு புது வகைச் செல் கிடைத்துவிட்டது என்று யாராவது மகிழ்ந்துபோகலாம்.

எந்த மணி எந்த மணிக்குப் பக்கத்தில் இருந்தது என்று தெரிந்தால் இதைப் பிடித்துவிடலாம். ஆனால் எல்லா மணிகளையும் ஒரே குழாயில் கொட்டியவுடன் அந்தத் தகவல் அழிந்துவிடுகிறது. சிம்ஸின் குழு 2018-இல் வெளியிட்ட 'ஸ்கோப்-சீக்' முறையில், ஒளிரும் சாயமிட்ட துணை இழைகளை வரிசையாகப் பாய்ச்சி, மணிகள் குழிகளில் இருக்கும்போதே மைக்ராஸ்கோப்பில் அவற்றின் பார்கோடைப் படித்துவிடுகிறார்கள். அவர்களுடைய நோக்கம் செல்லின் படத்தையும் மரபணுப் பட்டியலையும் இணைப்பது. எனக்கோ அதில் இன்னொரு பயன் தெரிகிறது: இடம் தெரிந்துவிட்டால், அண்டைக் குழிகளின் பட்டியல்கள் தூரத்துக் குழிகளுடையதைவிட ஒன்றையொன்று அதிகமாக ஒத்திருக்கின்றனவா என்று கேட்கலாம். ஒத்திருந்தால் அங்கே மூடி பிடிக்கவில்லை. கசிவை நேரடியாக அளக்க இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தென்படவில்லை.

இந்தச் சில்லுகளை நான் இவ்வளவு பொருட்படுத்துவதற்குக் காரணம் அவை போய்ச் சேரும் இடங்கள். குழிக்குப் பதிலாக எண்ணெயில் மிதக்கும் நீர்த்துளிகளை உருவாக்கி அவற்றுக்குள் செல்லை அடைக்கும் முறைகளுக்குப் பெரிய கருவியோ, அழுத்தத்தைச் சீராக வைத்திருக்கும் பம்புகளோ வேண்டும். குழிச் சில்லுக்குப் பிப்பெட்டும், 37 டிகிரி அடுப்பும், சவ்வை இழுக்கத் தெரிந்த கையும் போதும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், எச்.ஐ.வி. தொற்றிய முதல் நாட்களிலேயே இளம்பெண்களின் ரத்தத்தில் எதிர்ப்புச் செல்கள் எப்படி மாறுகின்றன என்று தொடர்ந்து பார்த்த ஆய்வு 2020-இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்தது. அது சீக்-வெல் சில்லுகளைக் கொண்டு செய்யப்பட்டது. 2017-இல் அந்த முறையை அறிமுகப்படுத்திய கட்டுரையே காசநோய்க் கிருமியை எதிர்கொண்ட கிருமிகளை விழுங்கும் மனித மேக்ரோஃபேஜ் செல்களைத்தான் எடுத்துக்காட்டாகக் கொண்டிருந்தது. காசநோய் மிகுந்த ஊர்களின் ஆய்வகங்களுக்கு இப்படிப்பட்ட எளிய கருவி அவசியம். எளிய கருவியில் கசிவைச் சோதிக்கும் வழியும் எளிதாகக் கூடவே போக வேண்டும். சில்லோடு சேர்த்து உறையவைத்த மனித-எலிச் செல் கலவை ஒரு குப்பி, அதை ஓட்டி வரைபடம் எடுத்துப் பார்த்தபின்தான் நோயாளியின் மாதிரி என்ற நடைமுறை. இதைத்தான் வாய்ப்புக் கிடைக்கும் இடங்களிலெல்லாம் வலியுறுத்துகிறேன். கிடைத்த வெற்று மணிகளின் தரவையும் வடிகட்டி எறிந்துவிடாமல் வெளியிட வேண்டும். அது இல்லாமல் அடுத்தவர் சூப்பை மறுபடி கணக்கிட வழியில்லை.

குழியே வேண்டாம் என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலிருந்து 2018-இல் 'சயன்ஸ்' இதழில் வந்த 'ஸ்பிளிட்-சீக்' முறையில் பார்கோடு முழுவதும் இணைத்து முடியும்வரை செல்லை உடைப்பதே கிடையாது. ஃபார்மால்டிஹைடால் இறுக்கி வைத்த செல்லே தன் ஆர்.என்.ஏ.வுக்குப் பாத்திரம். சாதாரண 96 குழித் தட்டுகளில் செல்களைப் பிரித்துப் போட்டு, ஒரு பார்கோடுத் துண்டை உள்ளேயே இணைத்து, எல்லாவற்றையும் கலந்து, மறுபடி பிரித்துப் போட்டு அடுத்த துண்டை இணைக்கிறார்கள். இங்கே சவ்வு இல்லை, எண்ணெய் இல்லை. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் இணையாமல் மிஞ்சிய பார்கோடுத் துண்டுகள், கலக்கும்போது வேறு செல்லுக்குள் நுழைந்து இணைந்துவிடும் அபாயம் இருக்கிறது. அதற்காக ஒவ்வொரு இணைப்புக்குப் பின்னும் தடுப்பு இழைகளை ஊற்றி அந்த மிச்சங்களைச் செயலிழக்கச் செய்கிறார்கள். அந்தக் கட்டுரையிலும் மனிதச் செல்களையும் எலிச் செல்களையும் கலந்து எடுத்த வரைபடம் இருக்கிறது. யார் அனுப்பும் கட்டுரையானாலும் நான் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். புள்ளிகள் அச்சிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கின்றன என்று பார்த்துவிட்டுத்தான் மற்றப் பக்கங்களுக்குப் போகிறேன்.